திருகோணமலை வெயிலில் அல்சேஷன்–லப்ரடோர் கலப்பு நாய்: புதிதாக வளர்ப்பவருக்கு

பெரிய கலப்பு நாய் வாங்க நினைப்பவர், குட்டியைப் பார்க்கப் போவதற்கு முன் தன் வளவை மத்தியானம் இரண்டு மணிக்கு ஒருமுறை சுற்றி வரவேண்டும். எந்த மூலையில் நிழல் விழுகிறது? அந்த நிழலுக்குக் காற்று வருகிறதா? தகரக் கூரையின் கீழ் ஐந்து நிமிடம் நின்றால் எப்படி இருக்கிறது? இதற்கெல்லாம் பதில் தெரிந்த பிறகு ஆணா பெண்ணா, கறுப்பா மஞ்சளா என்று பேசலாம். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை இங்கே அடிக்கும் கச்சான் காற்று மனிதரையே வாட்டி எடுக்கும். குளிர் நாட்டு மயிரோடு பிறந்த முப்பது கிலோ மிருகத்துக்கு அது இன்னும் கடினம்.

உவர்மலையிலும் உப்புவெளியிலும் நிலாவெளிப் பக்கத்திலும் கலப்புப் பெரிய நாய்கள் இப்போது நிறையத் தெரிகின்றன. ரொட்வைலர் கலந்தது, லப்ரடோர் கலந்தது என்று பல வகை. இந்தக் கட்டுரை அல்சேஷனும் லப்ரடோரும் சேர்ந்து பிறந்த குட்டியைப் பற்றியது. அல்சேஷன் என்று நாம் சொல்வது ஜேர்மன் ஷெப்பர்ட்டைத்தான். புதிதாக வளர்ப்பவருக்குப் பெரிய நாய்களுக்குள் ஓரளவு பொருந்தும் கலப்பு இது என்பது என் எண்ணம். அதற்காக இலகுவான நாய் என்று நினைத்துவிடாதீர்கள்.

இரண்டு பரம்பரையையும் அறிந்து வாங்குங்கள்

ஜேர்மன் ஷெப்பர்ட் மந்தை காக்கும் நாய்களிலிருந்து உருவாக்கப்பட்ட இனம். மாக்ஸ் ஃபொன் ஸ்டெபானிட்ஸ் என்ற ஜேர்மன் குதிரைப்படை அதிகாரி 1899இல் அதற்கு ஒழுங்கான அடித்தளம் போட்டார். லப்ரடோரின் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மீனவர்களோடு வேலை செய்த நாய்கள். வலையிலிருந்து நழுவும் மீனைக் கவ்வுவதும் கயிற்றை நீந்திக் கொண்டுவருவதும் அவற்றின் வேலை. பிரித்தானிய கெனல் கிளப் 1903இல் லப்ரடோரைத் தனி இனமாக ஏற்றது.

இந்தப் பழைய கதை உங்கள் வீட்டு வாசலில் அப்படியே தெரியும். ஷெப்பர்ட் பக்கம் தூக்கலாக இருந்தால் ஓடுகிற எதையும் மறித்து வளைக்கப் பார்க்கும். ஆடு, வீதியில் படுத்திருந்து எழும்பும் மாடு, சைக்கிளில் வரும் பள்ளிக்கூடப் பிள்ளை எல்லாம் அதற்கு மந்தைதான். குதிக்காலை மெதுவாகக் கவ்வும் பழக்கமும் அங்கிருந்து வருவது. லப்ரடோர் பக்கம் தூக்கலாக இருந்தால் செருப்பு, தேங்காய்ச் சிரட்டை, மீன் தலை என்று கண்டதையெல்லாம் வாயில் தூக்கிக்கொண்டு வரும். பெரும்பாலான கலப்புகளில் இரண்டும் உண்டு. எது எவ்வளவு என்பதைக் குட்டியைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. ஒரே ஈற்றுக் குட்டிகளில் ஒன்றுக்குக் காது நிமிரும், இன்னொன்றுக்குத் தொங்கியே இருக்கும்.

வளர்ந்த நாய் பொதுவாக 25 முதல் 40 கிலோ வரை வரும், தோள் உயரம் 55 முதல் 65 சென்ரிமீற்றர். ஆண் பெரிது. நன்றாகப் பார்த்தால் பத்து முதல் பதின்மூன்று வருடம் வரை இருக்கும். பிள்ளை ஐந்தாம் வகுப்பில் ஆசைப்பட்டுக் கேட்ட நாய், அவர் பல்கலைக்கழகம் போகும் வயதிலும் வீட்டில் இருக்கும். அப்போது அதை நடத்திக்கொண்டு போவது யார் என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

கலப்பு நாய்க்கு நோயே வராது என்று விற்பவர் சொல்லுவார். அதில் பாதிதான் உண்மை. ஒரு இனத்தில் மட்டும் மறைந்திருக்கும் சில பரம்பரைக் குறைகள் கலப்பில் வெளிவருவது குறையும். ஆனால் இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் சரியாகப் பொருந்தாமல் வளரும் குறை ஷெப்பர்ட்டிலும் உண்டு, லப்ரடோரிலும் உண்டு. இரண்டு பக்கமும் இருப்பதைக் கலப்பு எப்படித் தடுக்கும்? லப்ரடோரையும் பூடிலையும் 1989இல் அவுஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்க்காகக் கலந்த வாலி கொன்ரன், தன் முயற்சியைப் பார்த்து ஆளாளுக்குக் கண்டபடி கலந்து விற்கத் தொடங்கியதற்காகப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே வருந்தினார்.

படி 1: வளவைத் தயார் செய்யுங்கள்

மதில் அல்லது வேலி ஐந்தடிக்குக் குறையக்கூடாது. மணல் நிலமென்றால் வேலிக்கு அடியில் ஒரு வரிசை கல் புதைத்து விடுங்கள், இந்த நாய் தோண்டும். படலையின் கொக்கியை மூக்கால் தட்டித் திறக்கவும் பழகிக்கொள்ளும், அதனால் பூட்டு வேண்டும்.

கூடு கட்டுவதென்றால் தகரத்தை மறந்துவிடுங்கள். கிடுகு அல்லது ஓடு போட்டு, இரண்டு பக்கம் திறந்து காற்று ஓடும்படி, வேம்போ மாவோ நிற்கும் பக்கமாக அமையுங்கள். தரை நிலத்தைவிட ஓரடி உயர்ந்திருந்தால் மாரியில் வெள்ளம் ஏறாது. உண்மையில் இந்தக் கலப்புக்குக் கூட்டைவிட விறாந்தை நல்லது. ஆட்களோடு இருக்கப் பிறந்தது இது, நாள் முழுக்கச் சங்கிலியில் கிடந்தால் கெட்டுப்போகும். சும்மா குரைக்கும், தன் காலையே நக்கிப் புண்ணாக்கும், கடைசியில் வீட்டு ஆட்களையே நம்பாமல் போகும். “காவலுக்குத்தானே, பின்பக்கம் கட்டிவிட்டால் போதும்” என்று நினைப்பவருக்கு நான் இந்த நாயைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு நல்ல பூட்டும் லைற்றும் மலிவு.

படி 2: குட்டியைத் தெரிவு செய்தல்

தாயை நேரில் பாருங்கள். இது பேரம் பேச முடியாத நிபந்தனை. “தாய் வேறு இடத்தில் இருக்கிறது” என்றால் திரும்பி வந்துவிடுங்கள். தாய் அந்நியரைக் கண்டு பம்மி ஒளிகிறதா, பாய்கிறதா, அல்லது இரண்டு தரம் குரைத்துவிட்டு வந்து மணந்து பார்க்கிறதா? மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. தாயும் தகப்பனும் எழும்பும்போது பின்காலை இழுக்கின்றனவா, ஓடும்போது முயல் மாதிரி இரண்டு பின்காலையும் சேர்த்துத் தூக்குகின்றனவா என்று கவனியுங்கள். அது இடுப்புக் குறையின் அடையாளமாக இருக்கலாம்.

எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். கூடப் பிறந்தவற்றோடு கடித்து விளையாடித்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி படிக்கிறது. கண் துப்புரவாக, முரசு (பல் ஈறு) இளஞ்சிவப்பாக, வயிறு ஊதாமல், பின்பக்கம் உலர்ந்து இருக்கவேண்டும். வயிறு மட்டும் உருண்டு உடம்பு மெலிந்திருந்தால் புழு. தடுப்பூசி அட்டையில் திகதியும் மருந்துப் போத்தலின் ஒட்டியும் வைத்தியரின் கையெழுத்தும் இருக்கிறதா பாருங்கள். கலப்புக் குட்டிக்கு “பரம்பரைச் சான்றிதழ்” என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கொழும்பிலோ நீர்கொழும்பிலோ வாங்குவதென்றால் பயணத்தை இரவுக்கு வையுங்கள். புறப்படுவதற்கு மூன்று மணித்தியாலம் முன்பே சாப்பாட்டை நிறுத்தினால் வாந்தி குறையும். ஹபரணையிலோ வேறு எங்கோ இறக்கி ஒன்றுக்கு விடும்போது தெருநாய்கள் திரியும் புல்லில் விடாதீர்கள், மடியில் ஒரு பழைய துவாயும் பத்திரிகைத் தாளும் போதும். ஏன் என்பது அடுத்த படியில்.

படி 3: தடுப்பூசியும் புழு மருந்தும்

பார்வோ என்ற வைரஸ் குட்டிகளுக்கு எமன். இரத்தக் கழிச்சலும் வாந்தியுமாக ஓரிரு நாளில் முடித்துவிடும். மண்ணில் மாதக்கணக்கில், சில இடங்களில் வருடம் வரைகூட உயிரோடு கிடக்கும். உங்கள் வளவில் முன்பு ஒரு குட்டி அப்படி இறந்திருந்தால் சீமெந்துத் தரையை ப்ளீச் கலந்த நீரால் கழுவுங்கள், வழமையான வாசனைக் கிருமிநாசினி இதற்கு வேலை செய்யாது. மண்ணைக் கழுவ முடியாது. ஆகவே ஊசித் தொடர் முடிந்த பிறகே குட்டியை அந்த வளவில் விடுங்கள்.

பார்வோ, டிஸ்டெம்பர், ஈரல் அழற்சி, எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான கூட்டு ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை போடப்படும். பிறகு வைத்தியர் சொல்லும்படி ஊக்க ஊசி. எலிக்காய்ச்சல் பகுதியை யாரும் அலட்சியம் செய்யாதீர்கள். தம்பலகாமம், கிண்ணியா போன்ற வயல் சூழ்ந்த இடங்களில் மாரித் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும். நாய்க்கு வந்தால் வீட்டு மனிதருக்கும் தொற்றலாம்.

விசர்நாய்க்கடிக்கான ஊசி குட்டிக்கு மூன்று மாதத்தில், பிறகு ஆண்டுதோறும். இலவசமாகப் போடும் முகாம்களும் உண்டு, உங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் திகதியைக் கேளுங்கள். அந்த அட்டையைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் நாய் யாரையாவது கீறினால் முதலில் கேட்கப்படுவது அதுதான். நாயை உள்ளூராட்சி மன்றத்தில் பதியவேண்டும் என்ற சட்டம் 1901இலிருந்தே இருக்கிறது.

புழு மருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்று மாதம் வரை, பிறகு மாதம் ஒருமுறை ஆறு மாதம் வரை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நிறைக்கு ஏற்ற அளவு என்பதால் குட்டியை அரிசிக் கடைத் தராசில் நிறுத்தாலும் சரி, நிறுக்காமல் கொடுக்க வேண்டாம்.

படி 4: சாப்பாடு

நம் ஊரில் நாய்ச் சாப்பாடு என்றால் சோறும் மீன் குழம்பின் மிச்சமும். இந்தக் கலப்புக்கு அது இரண்டு விதத்தில் கெடுதல். குழம்பில் வெங்காயமும் உள்ளியும் உண்டு, அவை நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். சோறு கூடினால் கொழுப்புக் கூடும். லப்ரடோர்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பசி அடங்காத ஒரு மரபணுக் குறை இருப்பது 2016இல் கண்டறியப்பட்டது. அந்தப் பரம்பரை உங்கள் நாயிலும் இருக்கலாம். தட்டு காலியான பிறகும் பட்டினி கிடந்ததுபோல் பார்க்கும். அந்தப் பார்வைக்கு மசிந்துவிடாதீர்கள்.

குட்டிக்கு மூன்று மாதம் வரை நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை. முதல் ஒரு வருடம் பெரிய இனக் குட்டிகளுக்கான உலர் தீவனம்தான் பத்திரம் என்பேன். எலும்பு வேகமாக வளரும் காலத்தில் கல்சியமும் பொசுபரசும் சரியான விகிதத்தில் இருக்கவேண்டும். அதற்கு மேல் கல்சியக் குளிசையோ பாணியோ சேர்த்தால் மூட்டு கோணலாகும், எலும்பு பலமாகாது. குட்டி மெல்ல வளர்வதே நல்லது. “குண்டாக இருந்தால்தானே அழகு” என்று மாமியார் சொன்னாலும் சிரித்துவிட்டு அளந்தே போடுங்கள்.

முப்பது கிலோ வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,400 முதல் 1,600 கிலோகலோரி வேண்டும். உலர் தீவனத்தில் அது கிட்டத்தட்ட 400 கிராம். வெயில் காலத்தில் ஓட்டம் குறைந்தால் சாப்பாடும் குறையவேண்டும். விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியாமல், விரலால் தடவினால் எண்ணக்கூடியதாக இருந்தால் நிறை சரி.

வீட்டுச் சமையல்தான் கட்டுப்படியாகும் என்றால் சூடை மீனோ கீரி மீனோ உப்பும் தூளும் இல்லாமல் அவித்து, முள் நசியும் வரை வேகவைத்து, சோற்றைவிட மீன் கூடுதலாக இருக்கும்படி பிசையுங்கள். பச்சை மீன் வேண்டாம். பூசணியோ கரட்டோ சிறிது, கிழமையில் ஓரிரு தடவை கோழி ஈரல் கொஞ்சம். ஆனால் இதில் கல்சியம் குறையும். வளர்ந்த நாய்க்கு என்ன சேர்ப்பது என்பதை வைத்தியரிடம் ஒருமுறை கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சமைக்கும் வீடுகள் அன்றைக்கு உலர் தீவனத்துக்கு மாறினால் சமையலறை ஆசாரமும் கெடாது, நாயும் பட்டினி கிடக்காது. சமைத்த கோழி எலும்பு கூடவே கூடாது, ஊசிபோல் உடைந்து குடலைக் கிழிக்கும். சொக்கிளேற், முந்திரிகைப் பழம் (திராட்சை), வற்றல் திராட்சை ஆகியவையும் விஷம்.

சாப்பிட்ட கையோடு ஓடவிடாதீர்கள். ஆழமான நெஞ்சுள்ள பெரிய நாய்களுக்கு இரைப்பை ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு ஊதுவது, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் நுரை மட்டும் வருவது, நிலைகொள்ளாமல் நடப்பது ஆகியவை அடையாளம். விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது, சில மணித்தியாலத்தில் உயிர் போகும்.

படி 5: வெயில்

திருகோணமலைக்காரர் ஊன்றிப் படிக்கவேண்டிய பகுதி இதுதான்.

நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். காற்று ஈரமாக இருந்தால் அந்த வழியும் மந்தமாகிவிடும். கடலோரத்தில் வெப்பமானி காட்டுவதைவிட நாய்க்குக் கூடுதலாகச் சுடுவது அதனால்தான். கறுப்பு மயிர் இன்னும் விரைவாகச் சூடேறும்.

மயிரை மழித்துவிட்டால் குளிர்ச்சி என்று சலூன் கத்தரிக்கோலோடு இறங்குபவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். இந்தக் கலப்புக்கு மேலே கரடுமுரடான மயிரும் கீழே பஞ்சுபோன்ற மயிரும் என இரண்டு அடுக்கு. மேல் அடுக்கு வெயிலைத் தோலில் படாமல் மறைக்கிறது. மழித்தால் தோல் எரியும், சில நாய்களுக்கு மயிர் திரும்பச் சரியாக முளைப்பதும் இல்லை. செய்யவேண்டியது கீழ் அடுக்கை வாரி எடுப்பது. கிழமைக்கு இரண்டு மூன்று தடவை இரும்புப் பல் சீப்பால் வாருங்கள், மயிர் கொட்டும் காலத்தில் தினமும். ஒரு வாரலில் தலையணை உறை நிரம்பும் அளவுக்கு வரும், பயப்பட வேண்டாம்.

நடை காலை ஆறரைக்குள் முடியட்டும், மாலை ஆறுக்குப் பிறகு தொடங்கட்டும். வெளிக்கிடுமுன் புறங்கையைத் தார் வீதியில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. கடற்கரை மணலுக்கும் அதே சோதனை.

முப்பது கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் தண்ணீர் சாதாரணமாகவே வேண்டும், கச்சான் காலத்தில் இன்னும் கூட. மண்சட்டி நல்லது, இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்றைத் தட்டிவிட்டாலும் மற்றது இருக்கும். பெரிய தாச்சியில் அரையடித் தண்ணீர் நிழலில் இருந்தால் லப்ரடோர் இரத்தம் உள்ள நாய் தானே போய்ப் படுத்துக்கொள்ளும். இரண்டு நாளுக்கொருமுறை ஊற்றிக் கவிழ்த்துவிடுங்கள், டெங்கு நுளம்பு பெருகும்.

நாயின் சாதாரண உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ். 41ஐத் தொட்டால் உயிராபத்து. மூச்சுத் திணறும் இளைப்பு, கட்டியான எச்சில், கடும் சிவப்பு முரசு, தள்ளாட்டம், வாந்தி என்று கண்டால் முதலில் குளிர்விப்பு, பிறகு பயணம். நிழலுக்கு இழுத்து, கிணற்றுத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே இருங்கள், விசிறியைப் போடுங்கள். ஈரத் துவாயால் போர்த்தி வைக்காதீர்கள், சூடு உள்ளே அடைபடும். வாய்க்குள் வலுக்கட்டாயமாகத் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஓட்டோவில் கொண்டுபோகும்போதும் நனைந்தபடியே, பக்கத் திரையைச் சுருட்டிவிட்டு. எழும்பி நடந்துவிட்டது என்பதற்காக வைத்தியரிடம் போகாமல் விடாதீர்கள். சிறுநீரகப் பாதிப்பு அடுத்த நாளில்தான் தெரியவரும்.

படி 6: உண்ணி

வெயிலுக்கு அடுத்த எதிரி உண்ணிதான். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சுவர் வெடிப்பு, கூட்டின் மரச் சந்து, படுக்கைச் சாக்கு எல்லாவற்றிலும் ஒளிந்திருக்கும். அது பரப்பும் எர்லிக்கியா, பபேசியா ஆகிய இரண்டு நோய்களும் நம் நாட்டில் நாய்களைப் படுத்துகின்றன. ஷெப்பர்ட் இரத்தமுள்ள நாய்களுக்கு எர்லிக்கியா கடுமையாக வரும். காய்ச்சல், சோர்வு, சாப்பாட்டு மறுப்பு, வெளிறிய முரசு, மூக்கிலிருந்து இரத்தம், தேயிலைச் சாயம்போன்ற சிறுநீர்: இதில் ஒன்றைக் கண்டாலும் அன்றே இரத்தப் பரிசோதனை. நேரத்தோடு பிடித்தால் மருந்துக்குக் கேட்கும்.

வாயால் கொடுக்கும் மாத்திரைகள் இப்போது உண்டு, சில ஒரு மாதத்துக்கு, சில மூன்று மாதத்துக்கு. விலைதான். ஆனால் நோய் வந்தபின் செலவாகும் காசோடு பார்த்தால் மலிவு. அப்படி முடியாவிட்டால் வைத்தியர் தரும் கழுவு மருந்தை அளந்து கலந்து, கையுறை போட்டு, கண்ணில் படாமல் பூசுங்கள். நாயோடு படுக்கையையும் சுவர் வெடிப்பையும் கவனிக்காவிட்டால் இரண்டு கிழமையில் மறுபடி வரும். மண்ணெண்ணெய், எரிந்த என்ஜின் எண்ணெய், மாட்டுக்கு அடிக்கும் மருந்து ஆகியவை வேண்டாம். மண்ணெண்ணெயும் எரிந்த எண்ணெயும் தோலை வேகவைக்கும், நாய் நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகும். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்ரினை அளவு தெரியாமல் ஏற்றுவதும் உயிர் விளையாட்டு. மூளையைத் தாக்கக்கூடிய மருந்து அது, சில ஷெப்பர்ட் பரம்பரைகளுக்கு அதைத் தாங்கும் சக்தி இல்லை.

நடந்து வந்தபின் காதுக்குள், விரலிடுக்கு, கழுத்துப் பட்டியின் கீழ், வாலடி ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். உண்ணியைச் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், நகத்தால் நசிக்க வேண்டாம்.

மாரியும் கடலும்

ஐப்பசியிலிருந்து தை வரை மழை. ஈரம் காயாத கீழ் மயிருக்குள் தோல் அழுகி, ஒரே இரவில் உள்ளங்கை அகலப் புண்ணாகும். துவட்டி, விசிறிக் காற்றில் காயவிடுங்கள். காது தொங்கும் நாயென்றால் கிழமைக்கொருமுறை காதை மணந்து பாருங்கள், புளித்த மணம் வந்தால் உள்ளே தொற்று. குளிப்பு இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை போதும்.

கடலில் நீந்துவது இந்த நாய்க்கு அருமையான பயிற்சி, மூட்டில் பாரம் விழாது. உட்கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் காலையில் கொண்டுபோங்கள். உப்புத் தண்ணீரைக் குடித்தால் வாந்தியும் கழிச்சலும் வரும், ஆகவே போத்தலில் நல்ல தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள், வந்ததும் கிணற்றடியில் அலசிவிடுங்கள். கரைவலை இழுக்கும் இடத்தில் மட்டும் கயிற்றை விடாதீர்கள். வேண்டாத மீன் என்று மணலில் எறிந்துவிட்டுப் போவதில் பேத்தை மீன் இருக்கும். காய்ந்து கிடந்தாலும் அது கொல்லும் விஷம், மாற்று மருந்து இல்லை. கண்டதையெல்லாம் கவ்வும் லப்ரடோர் புத்திக்கு “விடு” என்ற ஒரு சொல்லை மற்ற எல்லாவற்றுக்கும் முதல் பழக்கவேண்டியது இதனால்தான்.

படி 7: பழக்கமும் அயலும்

மூன்று வாரத்திலிருந்து பதினான்கு வாரம் வரை குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதற்குப் பிற்காலத்தில் பெரும்பாலும் பயப்படாது. தடுப்பூசி முடியவில்லையே என்றால் தூக்கிக்கொண்டு போங்கள். பஸ் சத்தம், தொப்பி போட்டவர், அபாயா அணிந்தவர், குடை பிடித்தவர், மீன் வியாபாரியின் ஹோர்ன், கோயில் மேளம், பள்ளிவாசல் ஒலிபெருக்கி எல்லாம் காதிலும் கண்ணிலும் படட்டும்.

கட்டளைச் சொற்களை வீட்டில் எல்லோரும் ஒன்றாக வையுங்கள். அப்பா “சிட்”, அம்மா “இரு”, பிள்ளை “உக்காரு” என்றால் நாய் மூவரையும் கேட்காது. செய்ததும் ஒரு சிறு துண்டு நெத்தலி. அடித்துப் பழக்கினால் ஷெப்பர்ட் பக்கம் பயந்து கடிக்கத் தொடங்கும். ஒரு வயது தாண்டும் வரை படியேற்றம், சைக்கிளுக்குப் பின்னால் ஓட்டம், குதிப்பு வேண்டாம். எலும்பு நுனிகள் மூட ஒன்று முதல் ஒன்றரை வருடம் ஆகும். பிறகு தினமும் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாத நடையும், ஒளித்துவைத்த பொருளைத் தேடி எடுக்கும் விளையாட்டும் கொடுங்கள். இந்த மூளைக்கு வேலை இல்லாவிட்டால் உங்கள் கதிரைக் காலில் வேலை தேடும். கருத்தடைச் சத்திரசிகிச்சையையும் பெரிய நாய்களுக்கு ஒரு வயதுக்குப் பின் செய்வது மூட்டுக்கு நல்லது.

நகரத்துக்குள் ஒரு தனிச் சிக்கல்: மான்கள். பிரட்றிக் கோட்டையிலும் சுற்றிலும் புள்ளிமான்கள் ஆட்களோடு ஆட்களாகத் திரிகின்றன. மந்தை மறிக்கும் நாய்க்கு அதைவிட ஆசையூட்டும் காட்சி இல்லை. அவை சட்டத்தால் காக்கப்படும் விலங்குகள். கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயில் பக்கம் நாயைக் கொண்டுபோவதையே தவிர்த்துவிடுங்கள்.

அயல் வீடு முஸ்லிம் குடும்பம் என்றால் நாயின் எச்சில் உடுப்பில் பட்டால் தொழுகைக்கு முன் கழுவிச் சுத்தப்படுத்த வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வைத்துக் கயிற்றைக் குறுக்கிப் பிடியுங்கள். “தம்பி, கடிக்குமா?” என்று கேட்பவரிடம் “ஒன்றும் செய்யாது” என்று சொல்லி நாயை அவர் மேல் விடாதீர்கள், “பிடித்திருக்கிறேன், நீங்கள் போங்கள்” என்பதே மரியாதை. பையில் பொலித்தீன் இருக்கட்டும், கழிவை எடுங்கள். தீபாவளிக்கும் தேர்த் திருவிழாக்களுக்கும் வெடி தொடங்கும் முன்பே நாயை உள்ளறையில் விட்டு, யன்னலைச் சாத்தி, ரேடியோவைப் போடுங்கள். பெரிய நாய் பயந்து மதில் பாய்ந்து தொலைவது பெரும்பாலும் அந்த இரவுகளில்தான். கழுத்துப் பட்டியில் உங்கள் தொலைபேசி எண் இருந்தால் திரும்பி வரும் வாய்ப்புக் கூடும்.

முன்கூட்டியே செய்து வைக்கவேண்டியவை

இரவில் அழைத்தால் வரக்கூடிய மிருக வைத்தியர் யார் என்று குட்டி வந்த கிழமையிலேயே விசாரித்து எண்ணைச் சுவரில் எழுதுங்கள். பெரிய பரிசோதனையோ சத்திரசிகிச்சையோ வேண்டியிருந்தால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா மருத்துவமனை இருக்கிறது, ஆனால் அது அவசரத்துக்குத் தூரம். பனடோல், டைக்ளோபெனாக், இபுபுரோபென் என்று மனிதருக்கான குளிசைகளை நோவுக்குக் கொடுக்காதீர்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம், நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். நாய் மனிதரைக் கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, ஊசி போட்ட நாயென்றாலும் ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும்.

கடைசியாக, நீங்கள் யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ கல்யாண வீட்டுக்குப் போகும் நாட்கள். முப்பது கிலோ நாயை அன்றைக்குத்தான் முதன்முதலில் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் ஒப்படைக்க முடியாது. குட்டியாக இருக்கும்போதே நம்பிக்கையான ஒருவர் கிழமைக்கு ஒரு வேளை வந்து சாப்பாடு வைத்து, கயிற்றில் நடத்தி, காதைத் தடவிப் பார்க்கப் பழகட்டும். அவரிடம் தடுப்பூசி அட்டையின் பிரதி, வைத்தியரின் எண், ஒரு வேளை அளவுக் கிண்ணம், படலைச் சாவி ஆகிய நான்கும் இருக்கவேண்டும்.